ஆறு வோல்ட் பேட்டரியும் அத்தையின் நவநாளும்

இதை நம் வயதுக்காரர்களிடம்தான் சொல்ல முடியும். மோட்டார் சைக்கிள் பேட்டரிக்கு வாரா வாரம் தண்ணீர் பார்த்து ஊற்றுவோம் என்று என் மகனிடம் சொன்னால், அம்மாவுக்கு வயதாகிவிட்டது என்பதுபோல் சிரிக்கிறான். போன மாதம் அவன் பைக்குக்குப் புது பேட்டரி வாங்கி வந்தான். கறுப்பு டப்பா. மூடி இல்லை, திறக்க வழியும் இல்லை. "செத்தா தூக்கிப் போட்டுட்டு வேற வாங்க வேண்டியதுதான்மா" என்றான். நல்லது என்று நினைத்துக்கொண்டேன். திறக்க முடியாத பேட்டரி வீட்டில் இருப்பதே நல்லது. ஏன் அப்படி நினைத்தேன் என்று அவனிடம் சொல்லவில்லை. உங்களிடம் சொல்கிறேன்.

அப்போது எனக்குப் பத்து வயது. கிள்ளானில் ரயில் பாதைக்குப் பின்னால், கம்பம் என்று சொல்லும் குடியிருப்பில் எங்கள் பலகை வீடு. அப்பாவுக்குத் துறைமுகத்தில் இரவு வேலை. காலையில் வந்து, தின்றுவிட்டு, பகல் முழுவதும் தூங்குவார். அவர் தூங்கும்போது வீட்டில் ஈ பறந்தால்கூட என் முதுகில்தான் அடி விழும்.

அவருக்குச் சனிக்கிழமை விடுமுறை. அன்று மாலை எங்கள் வீட்டில் ஒரு பூசை நடக்கும். நாங்கள் கத்தோலிக்கர்கள்தான். ஆனால் கோயிலில் பத்து நிமிடம் பிரசங்கம் கேட்டாலே கொட்டாவி விடுகிற அப்பா, தன் கப்சாய் மோட்டார் சைக்கிளின் பேட்டரிக்கு முன்னால் ஒரு மணி நேரம் சம்மணம் போட்டு உட்கார்ந்திருப்பார். பக்கவாட்டு மூடியைக் கழற்றி, பேட்டரியை வெளியே எடுத்து, பழைய செய்தித்தாளின் மேல் வைப்பார். உள்ளங்கையில் அடங்குகிற வெள்ளைப் பெட்டி. மேலே மூன்று மூடிகள். உள்ளே இருக்கும் தண்ணீர் மட்டம் வெளியிலிருந்தே தெரியும். அது மேல்கோட்டுக்கும் கீழ்க்கோட்டுக்கும் நடுவில் இருக்க வேண்டும். முனைகளில் பூத்திருக்கும் வெள்ளைப் பொடியை, சோடா மாவு கரைத்த வெந்நீரில் பிரஷ் போட்டுத் தேய்ப்பார். நான் எந்த பிரஷால் பல் விளக்குகிறேன் என்று அவருக்குத் தெரியாது. பேட்டரிக்குத் தனி பிரஷ் உண்டு.

குளியலறைக்கு வெளியே ஒரு பலகைத் தட்டில் இரண்டு கண்ணாடிப் போத்தல்கள் இருக்கும். ஆரஞ்சு சாறு வந்த போத்தல்கள், இரண்டும் ஒரே மாதிரி. சுவர்ப்பக்கம் இருப்பது ஆசிட், புது பேட்டரிக்கு ஊற்றியதில் மிஞ்சியது. வாசல்பக்கம் இருப்பது பேட்டரித் தண்ணீர். ஆசிட் ஆவியாகாது, தண்ணீர்தான் ஆவியாகும். அதனால் தண்ணீர் மட்டுமே ஊற்ற வேண்டும். இதைச் சொல்லும்போது அப்பா தண்ணீர்ப் போத்தலைத் தூக்கி வெளிச்சத்தில் காட்டுவார்.

"குழாய்த் தண்ணி மாதிரி நெனைச்சிடாதே. இதுல ஒரு பொட்டு அழுக்கு கிடையாது. உலகத்திலேயே சுத்தமான தண்ணி இதுதான்."

நான் அதை நம்பினேன். அப்பா சொன்னவற்றில் நான் முழுசாக நம்பியது அது ஒன்றைத்தான்.

இப்படி மாமியார் வீட்டு மாப்பிள்ளையைப்போல் கவனிக்கப்பட்ட பேட்டரி, அந்த வருடக் கடைசியில், பள்ளி விடுமுறை மாதத்தில், வாரத்துக்கு ஒரு முறை செத்துப்போக ஆரம்பித்தது. கப்சாயை உதைத்தால் பேட்டரி இல்லாமலும் எஞ்சின் ஓடும். ஆனால் ஹாரன் அடிக்காது, சிக்னல் எரியாது, பிரேக் பிடித்தால் பின்னால் சிவப்பு விளக்கு எரியாது. துறைமுகச் சாலையில் லோரிகளுக்கு நடுவே போகிறவருக்கு அது விளையாட்டுக் காரியம் இல்லை. அப்பா ஒயரை மாற்றினார், பியூஸை மாற்றினார், சார்ஜ் ஏற்றும் பாகத்தை மாற்றினார். பேட்டரி மறுபடியும் செத்தது. பேட்டரியைத் தூக்கிக்கொண்டு டவுனில் இருந்த சார்ஜ் கடைக்குப் போவது அத்தையின் வேலை.

அத்தை அப்பாவின் ஒரே தங்கை. இருபத்தெட்டு வயது. எங்கள் வீட்டிலேயே இருந்து ரவிக்கை தைத்தாள், துணி துவைத்தாள், என் தலையில் பேன் பார்த்தாள். நான் அவள் பாயில்தான் படுப்பேன். சத்தமே இல்லாத பெண். ஆனால் பேட்டரி தூக்கிப் போகிற நாளில் மட்டும் நீல ரவிக்கை போட்டுக்கொள்வாள், முகத்துக்கு இரண்டாம் முறை பவுடர் பூசுவாள். பேட்டரியைச் சாயாமல், சந்தைக்கு எடுத்துப் போகும் பாசார் கூடையில் நிறுத்தி, துணி போட்டு மூடி, என்னையும் கூட்டிக்கொண்டு கிளம்புவாள்.

கடைக்குள் நுழைந்தாலே தொண்டையில் புளிப்பு ஏறும். நீளப் பலகையில் பேட்டரிகள் வரிசையாக மூடி திறந்து நிற்கும். ஒன்றிலிருந்து ஒன்றுக்கு ஒயர் போகும். உள்ளே பொடிப் பொடியாகக் குமிழி கிளம்பிக்கொண்டே இருக்கும். கடைக்காரர் ஒல்லியான ஆள். நெற்றியில் திருநீறு. அவர் போட்டிருந்த சட்டைகளில் ஓட்டை இல்லாத சட்டையை நான் பார்த்ததே இல்லை. ஆசிட் தெறித்துத் தெறித்து, மிளகு கொட்டினதுபோல் ஓட்டைகள்.

"மறுபடியும் கோங் ஆயிடுச்சா?" என்பார்.

"ஆமாங்க, செத்துப்போச்சு."

"போன வாரம்தானே ஃபுல்லா ஏத்திக் கொடுத்தேன்?"

"எங்கண்ணன் ஓட்டுற லட்சணம் அப்படி."

"நாளைக்கு மத்தியானம் வாங்க. இதை மெதுவாத்தான் ஏத்தணும். அவசரப்பட்டா உள்ள தகடெல்லாம் சூடாகி வளைஞ்சிடும்."

"எவ்வளவு மெதுவா வேணும்னாலும் ஏத்துங்க" என்பாள் அத்தை. வீட்டில் ஒரு நாளும் அவள் அந்தக் குரலில் பேசியதில்லை.

பேட்டரி ஏன் செத்தது என்று எனக்குத் தெரியும். அப்பா குறட்டை விடும் நேரத்தில், திரு இருதய ஆண்டவர் படத்துக்குக் கீழே ஆணியில் தொங்கும் சாவியை அத்தை எடுப்பாள். பைக்கில் போட்டுத் திருப்புவாள். பிரேக் மிதியில் ஒரு செங்கல்லைத் தூக்கி வைப்பாள். பின்விளக்கு இரண்டு மணி நேரம் பட்டப்பகலில் சிவப்பாய் எரிந்து மங்கும். அதற்குள் அவள் துணி துவைத்து முடித்துவிடுவாள். நான் பார்த்ததை அவளும் பார்த்தாள். உதட்டில் விரல் வைத்தாள். எனக்கு ஒரு ரகசியம் கிடைத்த பெருமை தாங்கவில்லை.

ஒரு நாள் அப்பாவுக்கு வயிறு சரியில்லை. நடுப்பகலில் எழுந்து கொல்லைக்கு வந்தவர், செங்கல்லையும் விளக்கையும் பார்த்துவிட்டார். அத்தையின் கையில் துவைத்த துணி இருந்தது. அந்த ஈரத் துணியாலேயே அவளை அடித்தார்.

"பிரேக் லைட் இல்லாம லோரிக்கு முன்னால போறேன்டி நான்! என்னைச் சாகடிச்சிட்டு எவன்கூடப் போகப் பார்க்கிற?"

அவர் கேட்டதில் நியாயம் இல்லாமல் இல்லை. அத்தை ஒரு மனிதரை வாரம் ஒரு முறை பார்ப்பதற்காக அண்ணனை லோரிக்கு முன்னால் அனுப்பிக்கொண்டிருந்தாள். அவள் அதை யோசித்தே பார்க்கவில்லை என்றுதான் நினைக்கிறேன். அன்று எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். கடைக்காரர் பெண் கேட்டார், தனக்கும் சம்மதம். அவர் இந்துதான், ஆனால் ஞானோபதேசம் படித்து நம் கோயிலில் சேரத் தயார்.

அம்மா குறுக்கே வந்து தடுப்பாள் என்று பார்த்தேன். அவள் அடுப்படியில் நின்றபடி, "இவ போயிட்டா இந்த வீட்டு வேலையை யாரு பார்க்கிறது?" என்றாள். கத்தக்கூட இல்லை. கறியில் உப்பு கம்மி என்று சொல்வதுபோல் சொன்னாள்.

அத்தை தரையில் உட்கார்ந்தபடி அப்பாவிடம் ஒரு வாக்குக் கேட்டாள்.

"அண்ணே, வர்ற திங்கட்கிழமையிலேர்ந்து ஒன்பது நாள் மாதாவுக்கு நவநாள் சொல்றேன். வேணாம்னு மாதா ஒரு அடையாளம் காட்டினா அவரை மறந்துடுறேன். ஒண்ணும் காட்டலேன்னா, பத்தாவது நாள் நீங்களே என்னைக் கட்டிக் கொடுத்துடணும்."

அப்பா சிரித்தார். "சரி லா. பார்க்கலாம்" என்றார். எழுந்து போய்த் தூங்கினார்.

நவநாள் திங்கட்கிழமை தொடங்கியது. அத்தையிடம் ஒரு தீர்த்தக் குப்பி இருந்தது. வடக்கே திருத்தலத் திருவிழாவுக்குப் போனபோது ஊற்றுத் தண்ணீர் பிடித்துக்கொண்டு வந்தது. மாதா உருவத்தில் வெள்ளைப் பிளாஸ்டிக், மேலே நீலக் கிரீடம்தான் மூடி. ஒவ்வொரு காலையும் முழந்தாளிட்டு, ஜெபத்தை முடித்து, அந்தத் தண்ணீரில் விரலை நனைத்து நெற்றியில், நெஞ்சில், இரண்டு தோளில் சிலுவை போடுவாள். எங்களில் தீர்த்தத்தை யாரும் துடைக்க மாட்டோம். அது தானாகக் காய வேண்டும். எனக்குக் காய்ச்சல் என்றால் அதில் ஒரு மூடி கலந்து குடிக்கக் கொடுப்பாள். அந்த வாரம் எனக்குக் காய்ச்சல் வரவில்லை.

வியாழக்கிழமை அத்தை மளிகைக் கடைக்குப் போயிருந்தபோது குப்பியை எடுத்து விளையாடினேன். மாதாவுக்குத் தலை சீவிப் பூ வைக்கப் போனேன். கிரீடம் கழன்றது. தண்ணீர் முழுவதும் பாயில் கொட்டிப்போனது.

குழாயில் பிடித்து நிரப்பலாம். ஆனால் மாதாவின் தண்ணீருக்குப் பதில் குழாய்த் தண்ணீரா? அத்தையின் ஜெபம் கெட்டுப்போய்விடாதா? அப்போதுதான் உலகத்திலேயே சுத்தமான தண்ணீர் எங்கள் வீட்டிலேயே இருப்பது நினைவுக்கு வந்தது. ஓடிப்போய் வாசல்பக்கம் இருந்த போத்தலை எடுத்தேன். சிந்தாமல் ஊற்ற வேண்டும் என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு ஊற்றினேன். இருந்தும் கொஞ்சம் பாவாடையில் சிந்தியது. விரல் லேசாக எரிந்தது, கழுவிக்கொண்டேன். முந்தின நாள் அம்மா அந்தத் தட்டைத் துடைத்துவிட்டுப் போத்தல்களை இடம் மாற்றி வைத்திருந்தாள் என்பது எனக்குத் தெரியாது.

வெள்ளிக்கிழமை காலை, அத்தை சிலுவை போட்டாள். கொஞ்ச நேரத்தில் முகம் சுருங்கியது. நெற்றியைத் தொடப் போன கையை நடுவிலேயே நிறுத்திக்கொண்டாள். துடைக்கக் கூடாதே. மதியத்துக்குள் நெற்றி நடுவில் சிவப்பாய் ஒரு தடிப்பு எழும்பியது. அன்று அவள் சாப்பிடவில்லை.

சனிக்கிழமை காலையிலும் போட்டாள். இந்த முறை கண்ணை மூடிக்கொண்டு, பயந்து பயந்து. சிவந்த இடத்திலேயே மறுபடியும் பட்டது. பல்லைக் கடித்துக்கொண்டு அழுதாள். "மாதாவே, நெஜமாவா?" என்று கேட்டது என் காதில் விழுந்தது.

அன்று அம்மா துணி துவைத்தாள். என் பாவாடையைத் தூக்கிப் பிடித்தாள். எலி கடித்ததுபோல் ஓட்டைகள். "பேட்டரிகிட்ட போனியாடி நீ? ஆசிட் பட்டிருக்கு பாரு! அப்பா பார்த்தா தோலை உரிச்சிடுவார்" என்றாள். அந்த நிமிடம் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. போத்தல், குப்பி, அத்தையின் நெற்றி, எல்லாம். பத்து வயது சின்ன வயதுதான். ஆனால் விளங்காத வயது இல்லை.

சொல்லியிருக்கலாம். அத்தை அடுத்த அறையில்தான் தைத்துக்கொண்டிருந்தாள். முதலில் அப்பாவின் பெல்ட்டுக்குப் பயந்து சொல்லவில்லை. அப்புறம் இன்னொன்று தோன்றியது. இது அடையாளம் என்றால் அத்தை போக மாட்டாள். பாயில் என் பக்கத்தில்தான் படுத்திருப்பாள். பயம் அதோடு போய்விட்டது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்கு நிம்மதியாகவே இருந்தது.

மாலையில் அப்பா பேட்டரிப் பூசைக்கு உட்கார்ந்தார். தண்ணீர் ஊற்றப் போத்தலை எடுத்தவர், நிறுத்தி, முகர்ந்தார். கீழே வைத்துவிட்டு மற்றதை எடுத்தார். இரண்டையும் வெளிச்சத்தில் பிடித்து மட்டம் பார்த்தார். ஆசிட் நான்கு விரல் குறைந்திருந்தது. தலையைத் திருப்பி என்னைப் பார்த்தார், கொடியில் காய்ந்த என் பாவாடையைப் பார்த்தார். அப்போது அத்தை நெற்றியில் அந்தச் சிவப்போடு, தைத்த துணியை எடுத்துக்கொண்டு எங்களைக் கடந்து போனாள். அப்பா அவளையும் பார்த்தார். அவர் என்னை அடிப்பார் என்று கண்ணை இறுக்கி மூடிக்கொண்டேன். அடி விழவில்லை. போத்தல்களை அதனதன் இடத்தில் வைத்துவிட்டு, பேட்டரியை மூடினார். அவருக்குத் தெரியும். தெரிந்துதான் பேசாமல் இருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை அத்தை மூன்றாம் முறையும் விரலை நனைத்தாள். நான் பாயில் படுத்தபடி, தூங்குவதுபோல் நடித்துக்கொண்டு பார்த்தேன். "வேணாம் அத்தை" என்று ஒரு சொல் போதும். சொல்லவில்லை.

கோயில் பூசை முடிந்து வீட்டுக்கு வந்ததும் அத்தை அப்பாவின் முன்னால் வந்து நின்றாள். நெற்றிக் காயத்தில் நீர் கோத்திருந்தது. ரவிக்கையில் நெஞ்சிலும் இரண்டு தோளிலும் ஓட்டை.

"அண்ணே, தீர்த்தம் சுடுது" என்றாள்.

அப்பா அவசரமே படவில்லை. தேநீரைக் குடித்து முடித்தார். "தீர்த்தமே உன்னை ஏத்துக்கலை. இதுக்கு மேல மாதா என்ன பண்ணணும்? வானத்துல எழுதிக் காட்டணுமா?" என்றார்.

அத்தை தலையாட்டினாள். நவநாளில் மிச்சம் இருந்த இரண்டு நாளையும் சொல்லி முடித்தாள், மன்னிப்புக் கேட்டு. அந்தக் குப்பியை மட்டும் பிறகு தொடவில்லை. துணியில் சுற்றிப் பெட்டிக்கு அடியில் வைத்துவிட்டாள்.

சார்ஜ் கடையில் எங்கள் பழைய பேட்டரி ஒன்று பாக்கி இருந்தது. முந்தின மாதம் கெட்டுப்போனதைச் சரிபார்க்கக் கொடுத்தது. திங்கட்கிழமை அப்பா என்னைப் பைக்கில் ஏற்றிக்கொண்டு போய், எதிர்ச்சாரியில் நிறுத்தி, "போய் வாங்கிட்டு வா" என்றார். கடைக்காரர் என்னைப் பார்த்ததும் எனக்குப் பின்னால் பார்த்தார்.

"அத்தை வரலையா பாப்பா?"

"வரலை அங்கிள்."

"உடம்பு சரியில்லையா? ஏதாவது சொல்லி அனுப்பினாங்களா?"

அவர் மட்டும் அத்தையின் நெற்றியை ஒரு தடவை பார்த்திருந்தால் போதும். ஆசிட் புண் எப்படி இருக்கும் என்று கிள்ளானில் அவரைவிடத் தெரிந்தவர் யார்? அந்தப் பயம் எனக்குள் வந்தது. இவர் வீட்டுப் பக்கம் வந்துவிடக் கூடாது.

"அத்தைக்கு உங்களைப் பிடிக்கலையாம். உங்க சட்டை அசிங்கமா இருக்காம்."

என்னை யாரும் அப்படிச் சொல்லச் சொல்லவில்லை. நானே சொன்னது. அவர் குனிந்து தன் சட்டையைப் பார்த்தார். ஒரு ஓட்டையில் விரலை வைத்தார். பேட்டரியைத் துடைத்து, மூடியை ஒரு தடவைக்கு இரண்டு தடவை இறுக்கி, என் கையில் கொடுத்தார். "சாய்க்காம பிடிச்சிக்கோ பாப்பா, மேல பட்டா புண்ணாயிடும்" என்றார். ஒரு வருடத்தில் அவர் கடையை மூடிவிட்டு செமினி பக்கம் போய்விட்டதாகக் கேள்வி.

அத்தைக்கு வேறு மாப்பிள்ளைகளும் வந்தார்கள். அவள் ஒப்புக்கொள்ளவில்லை. மாதாவே நேரடியாகப் பேசிய பெண் என்றால் சும்மாவா? தினமும் பூசைக்குப் போனாள், கோயில் துணிகளைத் துவைத்தாள், அப்பாவைக் கடைசிக் காலத்தில் கழுவித் துடைத்தாள், என் பிள்ளைகளை வளர்த்தாள். நெற்றியில் பொட்டு அளவுக்கு ஒரு கறுப்புத் தழும்பு. யாராவது கேட்டால் மறைக்க மாட்டாள். "எனக்கு ஒரு பதில் வந்துச்சு" என்பாள். அதைச் சொல்லும்போது அவள் முகத்தில் ஒரு பெருமை தெரியும். நான் எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவேன். அப்பா சாகும்வரை அந்தச் சனிக்கிழமையைப் பற்றி அவரும் நானும் வாயைத் திறக்கவில்லை.

இப்போது அத்தைக்கு எழுபத்தெட்டு. பிரிக்ஃபீல்ட்ஸில் கன்னியர்கள் நடத்தும் முதியோர் இல்லத்தில் இருக்கிறாள். மகன் அந்தக் கறுப்பு பேட்டரியை வாங்கி வந்த வாரம், எனக்கு ஏனோ பொறுக்க முடியவில்லை. பழங்கள் வாங்கிக்கொண்டு போனேன். கட்டிலில் அவள் பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். குப்பி கொட்டியது, போத்தல் மாறியது, பாவாடை, அப்பா பார்த்த பார்வை, கடைக்காரரிடம் நான் சொன்ன பொய்.

"அது தீர்த்தம் இல்ல அத்தை. ஆசிட்."

அவள் அறைவாள் என்று எதிர்பார்த்தேன். அழுவாள், மன்னிப்பாள், "சின்னப் புள்ளைதானே நீ" என்பாள் என்றும் ஒரு ஆசை இருந்தது. உண்மையில் அதற்காகத்தான் போயிருந்தேன். அவள் பிடித்திருந்த என் கையை விட்டுவிட்டாள். அப்பாவைத் திட்டவில்லை. அந்த மனிதரைப் பற்றிக் கேட்கவில்லை.

"அப்போ மாதா எனக்கு ஒண்ணுமே சொல்லலையாடி?" என்றாள்.

தாழ்வாரத்தில் ஜெபமாலைக்கு மணி அடித்தது. மற்றக் கிழவிகள் நடைக்கம்பைத் தட்டிக்கொண்டு போனார்கள். கன்னியர் ஒருவர் வாசலில் நின்று, "ஆன்டி, வரலையா? இன்னிக்கு நீங்கதானே முதல்ல சொல்லணும்" என்றார்.

அத்தை சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

"நீ கெளம்பு. போறப்போ கதவைச் சாத்திட்டுப் போ" என்றாள்.